கியாந்தி மலைகளில் கப்பி ரோடு சைக்கிள்: முதல்முறை போகிறவர்களுக்கு

கியாந்திக்குச் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொல்கிற நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை மீட்டர் ஏறுவீர்கள்?" இத்தாலியில் ஃப்ளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் திராட்சைத் தோட்ட நாட்டில் சமதரை என்று நான் பார்த்தது ஊருக்கு ஒரு கால்பந்து மைதானம் மட்டும்தான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினால் ஆயிரம் மீட்டர் ஏறியிருப்பீர்கள். தார் ரோட்டில் மணிக்கு 25 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர் இங்கே 14, 15-க்கு இறங்கிவிடுவார். இதைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போட்டால் மூன்றாம் நாள் அறையிலேயே படுத்திருக்க வேண்டியதுதான்.

நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை பெரும்பாலும் தப்பாகத்தான் செய்தேன். அதனால் இதில் பாதி அனுபவம், பாதி தழும்பு.

வெள்ளை ரோடு என்றால் என்ன

உள்ளூரில் இந்தத் தார் போடாத சாலைகளை 'ஸ்த்ராதே பியாங்கே' என்பார்கள். வெள்ளைச் சாலைகள் என்று பொருள். நம் ஊர்க் கப்பி ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிறம் செம்மண் இல்லை, கோலமாவு. கார் ஒன்று கடந்துபோனால் இரண்டு நிமிடத்துக்கு உங்கள் புருவம் வரை வெள்ளையாகிவிடும்.

கியாந்தி மண்ணில் இரண்டு கல் உண்டு. ஒன்று 'அல்பரேசே' என்னும் வெளிறிய சுண்ணாம்புக்கல். இன்னொன்று 'கலெஸ்த்ரோ', தட்டினால் ஏடு ஏடாக உதிரும் களிப்பாறை. சாஞ்சோவேசே என்ற கருந்திராட்சை இந்த மண்ணில் நன்றாக வருகிறது. அதே கல்தான் ரோட்டிலும் கிடக்கிறது. அல்பரேசே அரைபட்டால் மாவு. கலெஸ்த்ரோ உடைந்தால் சில்லு, டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கிற சில்லு. தெற்கே க்ரேத்தே செனேசி பகுதிக்குப் போனால் மண் மாறிக் களிமண் வரும். காய்ந்தால் சிமெண்ட் தரை, நனைந்தால் சோப்பு. ஆக, எந்தக் குன்றில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ரோடும் மாறும், ஓட்டும் விதமும் மாறும்.

இந்தச் சாலைகளுக்கெல்லாம் தார் போட்டுவிடுவார்களோ என்ற கவலையில்தான் ஜியான்கார்லோ புரோச்சி 1997-ல் கயோலே என்ற சிற்றூரில் 'லெரோய்கா' என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், 1987-க்கு முந்தைய சைக்கிள்களில், கம்பளி ஜெர்சி போட்டுக்கொண்டு. அதிலிருந்து பிறந்த தொழில்முறைப் பந்தயம் 2007-ல் வந்தது. அதன் பெயரே ஸ்த்ராதே பியாங்கேதான். நமக்குப் பயன்படுவது வேறு விஷயம்: லெரோய்காவின் 209 கிலோமீட்டர் பாதை நிரந்தரமாக வழிப்பலகை வைத்துக் குறிக்கப்பட்டிருக்கிறது. வருடம் முழுக்க, எந்தச் சைக்கிளிலும், யாரும் ஓட்டலாம். முழுவதையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். துண்டு துண்டாக வெட்டிக்கொள்வதுதான் புதியவருக்கான வழி.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, பிறகு செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். நமக்கென்ன புதுசா என்று தோன்றும். ஆனால் வெள்ளை ரோட்டிலிருந்து எதிரொளிக்கிற வெயில் முகவாய்க்குக் கீழே சுடும். அது எனக்குப் புதுசாகத்தான் இருந்தது.

செப்டம்பர் நடுவிலிருந்து அறுவடை. பார்க்க அழகான காலம்தான், ஆனால் திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் குறுகலான வளைவுகளில் எதிரே வரும். ஓரம் ஒதுங்குவது நீங்கள்தான். அதே சமயம் வேட்டைப் பருவமும் தொடங்கும். இத்தாலியில் செவ்வாய், வெள்ளி இரு நாளும் வேட்டை கிடையாது. இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் நுழைகிற பாதைகளை அந்த இரண்டு நாளுக்கு ஒதுக்கிவைத்து, மற்ற நாள் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒரே ஊரில் தங்குங்கள்

தினம் ஒரு ஊர் மாறுவது படத்தில் நன்றாக இருக்கும். மூட்டையோடு 15 சதவீத ஏற்றத்தில் மிதிக்கும்போது நன்றாக இருக்காது. கயோலேயில் நான்கைந்து இரவு அறை எடுத்துச் சுற்றுப்பாதைகளாகப் போய்விட்டு மாலையில் திரும்பிவிடுங்கள். 'அக்ரிதுரிஸ்மோ' எனப்படும் பண்ணை வீடுகள் மலிவு, சைக்கிள் கழுவக் குழாயும் இருக்கும். ஆனால் கோடையில் பல பண்ணைகள் ஒரு வாரத்துக்குக் குறைவாக அறை தரமாட்டார்கள். இன்னொன்று, பண்ணை வீடு குன்றின் உச்சியில் இருந்தால் தினமும் பயணத்தின் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஏற்றமாக இருக்கும். முன்பதிவு செய்யும் முன் வரைபடத்தில் அதைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

ஃப்ளோரன்ஸிலிருந்து சியெனாவுக்கு ரயில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். வட்டார ரயில்களில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்கி ஏற்றலாம். கயோலேக்கு ரயில் கிடையாது. கடைசிப் பகுதியைப் பேருந்திலோ டாக்ஸியிலோ, தெம்பிருந்தால் மிதித்தோ போகவேண்டும்.

மூன்றாம் படி: சைக்கிள்

இந்தியாவிலிருந்து பெட்டியில் கட்டி எடுத்துப்போகிற தலைவலி வேண்டாம், முதல்முறை வாடகைக்கு எடுங்கள். கடையில் கேட்க வேண்டியவை இவை.

டயர் குறைந்தது 38 மில்லிமீட்டர் அகலம். 40 இருந்தால் நிம்மதி. டியூப் இல்லாத டயர், உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றியதாக இருக்கட்டும்.

கியரில், முன் பல் சக்கரத்தைவிடப் பின் பல் சக்கரம் பெரியதாக இருக்கிற ஒரு கியர் கட்டாயம். முன்னால் 40 பல் என்றால் பின்னால் 42 அல்லது 44. "எனக்கு இவ்வளவு லேசான கியர் வேண்டாம்" என்ற வீராப்பு முதல் வெள்ளை ஏற்றத்திலேயே கரைந்துவிடும்.

பிரேக் பிடியை நின்ற இடத்திலேயே அழுத்திப் பாருங்கள். நம் ஊர்ச் சைக்கிளில் வலக்கை முன்பிரேக். அங்கே பல சைக்கிள்களில் இடக்கை முன்பிரேக்காக இருக்கும். சரளை இறக்கத்தில் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கைக் கவ்வினால் சைக்கிள் நிற்கும், நீங்கள் நிற்கமாட்டீர்கள். போக்குவரத்தும் வலப்பக்கம் என்பதை மறக்க வேண்டாம். காலையில் நினைவிருக்கும். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போதுதான் மறக்கும்.

காற்று அழுத்தம் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், என் முழங்கைத் தழும்பு அதில் வந்தது. எனக்குச் சைக்கிள் தந்த கடையில் 60 பிஎஸ்ஐ அடித்திருந்தார்கள். கட்டைவிரலால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது, 'சூப்பர்' என்று கிளம்பிவிட்டேன். ராத்தா ஊரைத் தாண்டி இறக்கத்தில் ஒரு இடது வளைவு. டயர் சரளையைப் பிடிக்கவே இல்லை, கண்ணாடித் தரையில் கோலி உருண்டதுபோல முன்சக்கரம் தனியாகப் போனது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 40 மில்லிமீட்டர் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ போதும். டியூப் போட்ட டயர் என்றால் 40 பக்கம். விரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்க வேண்டும். காற்று குறைந்த டயர் கற்களை அணைத்துக்கொண்டு போகும், இறுகிய டயர் அவற்றின் மேல் துள்ளும். கைப்பம்பில் அளவுமானி இல்லையென்றால் தங்குமிடத்தில் பெரிய பம்பு கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பையில் ஒரு மாற்று டியூப், டயர் ஓட்டையில் செருகும் ரப்பர்த் திரி, கைப்பம்பு, செயின் இணைப்பு ஒன்று, அறுகோணச் சாவிகள். டியூப் மாட்டும் முன் டயருக்கு உள்ளே விரலை ஓட்டிக் கலெஸ்த்ரோ சில்லு ஏதும் குத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பங்சர் கடை என்ற ஒன்று அந்த மலைகளில் கிடையாது.

நான்காம் படி: சரளையில் ஓட்டக் கற்பது

முதல் நாள் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. எடை முன்னே போய்விடும், பின்சக்கரம் பிடிமானம் இழந்து வெறுமனே சுற்றும். இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, மார்பைத் தாழ்த்தி, லேசான கியரில் சீராக மிதியுங்கள். கார்ச் சக்கரம் ஓடி இறுகிய தடம் இரண்டு இருக்கும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவிலும் ஓரத்திலும் குவிந்த உதிரிச் சரளை ஆளைக் கவிழ்க்கும்.

இறக்கத்தில் பிரேக் வேலை முழுவதும் வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், சைக்கிள் உங்களுக்கு அடியில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஆடட்டும். சில ஏற்றங்களில் கார்கள் கிளறிக் கிளறி ரோடு தகரக் கூரைபோல வரிவரியாக எழும்பியிருக்கும். அங்கே மட்டும் இருக்கையிலிருந்து ஓர் அங்குலம் எழுந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள். பல் கிட்டாமல் இருக்கும்.

ஐந்தாம் படி: நான்கு நாள், மூன்று பாதை

முதல் நாள், கயோலே – ப்ரோலியோ – கயோலே. போக வர இருபது கிலோமீட்டர் சொச்சம், பெரும்பாலும் தார். ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் கடைசித் துண்டு மட்டும் வெள்ளை ரோடு. இரு பக்கமும் சைப்ரஸ் மரங்கள், நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோலப் பாதை. லெரோய்கா நாளில் விடிவதற்கு முன் இந்த ஏற்றத்தில் வரிசையாக விளக்கு வைப்பார்கள். ரிகாசோலி குடும்பத்திடம் 1141 முதல் இருக்கும் கோட்டை இது. அந்த வம்சத்து பெத்தினோ ரிகாசோலிதான் ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர். கியாந்தி ஒயினுக்கு எந்தத் திராட்சை எந்த அளவில் சேர வேண்டும் என்று 1872-ல் எழுதிவைத்தவரும் அவரே. இன்று கியாந்தி கிளாசிக்கோ என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே இருக்க வேண்டும். ஏற்றம் நீளமில்லை. ஆனால் 'சரளை ஏற்றம்' என்றால் என்ன என்று கால் புரிந்துகொள்ள இதுவே போதும். பாதியில் இறங்கித் தள்ளினாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இரண்டாம் நாள், கயோலேயிலிருந்து வடக்கே பாதியா அ கோல்திபுவோனோ மடத்துக்கு நீண்ட தார் ஏற்றம், பதினோராம் நூற்றாண்டில் துறவிகள் எழுப்பிய மடம். அங்கிருந்து ராத்தா. ராத்தாவிலிருந்து வல்யால்யி நோக்கி வெள்ளை ரோடு. பிறகு பியானெல்லா, ப்ரோலியோ வழியாக வீடு. அறுபது கிலோமீட்டரை ஒட்டி வரும், ஏற்றம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். தெம்பு குறைவாக இருந்தால் ராத்தாவிலிருந்தே தார் ரோட்டில் கயோலேக்குத் திரும்பிவிடலாம், தப்பித்துக்கொள்ள நல்ல வழி. இந்தப் பாதையில்தான் கியாந்தியின் முழு முகம் தெரியும்: ஒரு குன்றில் திராட்சை, அடுத்ததில் ஆலிவ், அதற்கப்பால் ஓக் காடு. திராட்சை வரிசைகளைச் சுற்றிப் பன்றிக்கும் மானுக்கும் பயந்து மின்கம்பி கட்டியிருப்பார்கள். சைக்கிளை அதில் சாய்க்காதீர்கள்.

காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். கியாந்தி கிளாசிக்கோ ஒயின் புட்டிக் கழுத்தில் கறுப்புச் சேவல் படம் பார்த்திருப்பீர்கள். ஃப்ளோரன்ஸும் சியெனாவும் எல்லைக்காகச் சண்டை போட்டபோது, சேவல் கூவியதும் இரு ஊரிலிருந்தும் குதிரை வீரன் கிளம்ப வேண்டும், சந்திக்கிற இடம் எல்லை என்று பேசிக்கொண்டார்களாம். ஃப்ளோரன்ஸ்காரர்கள் தங்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். அது விடிவதற்கு வெகு முன்பே கூவிவிட்டது. கியாந்தி முக்கால்வாசி அவர்களுக்குப் போனது. கதைதான். ஆனால் பத்து மணி வெயிலில் வல்யால்யி ஏற்றத்தில் நின்றால் அந்தச் சேவலின் அருமை தெரியும்.

மூன்றாம் நாள் ஓய்வு அல்லது சியெனாவில் சுற்றல். நான்காம் நாள் கால் ஒத்துழைத்தால் க்ரேத்தே செனேசி. சியெனாவிலிருந்து அஷானோவுக்கு ரயிலில் போய் இறங்குங்கள். இங்கே திராட்சை அதிகம் இல்லை. கோதுமை வயல், வெளிறிய களிமண் மேடு, ஆட்டு மந்தை. பிறகு ஏன் போகவேண்டும் என்றால் மோந்தே சாந்தே மரியேக்காக. 11.5 கிலோமீட்டர் வெள்ளை ரோடு, ஸ்த்ராதே பியாங்கே பந்தயத்தில் பலமுறை ஆட்டம் கலையும் இடம். மூன்று முறை வென்ற ஃபாபியான் கன்செல்லாராவின் பெயரை இந்தத் துண்டுக்கு வைத்திருக்கிறார்கள். 2024-ல் ததேய் பொகாச்சார் இங்கிருந்துதான் தனியே பிரிந்து மிச்சம் 81 கிலோமீட்டரையும் ஒற்றை ஆளாக ஓட்டி ஜெயித்தார். நமக்கு இது ஒன்றரை மணி நேரப் பாதை. ஏற்றங்கள் நீளமில்லை, சுவர்போல நிமிர்ந்தவை. இறங்கிய வேகத்தில் அடுத்ததை ஏறிவிடலாம் என்று தோன்றும், முக்கால்வாசியில் வேகம் செத்துவிடும். நிழல் கிடையாது. நீர் கிடையாது. இரண்டு பெரிய புட்டி நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

மந்தைக்கு வெள்ளை நிற மாரெம்மா நாய்கள் காவல். அவை ஓடிவந்தால் வேகமெடுத்துத் தப்பிக்க முயலாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, அமைதியாக நடந்து மந்தையைக் கடந்துவிடுங்கள். ஆட்டைத் திருட வந்தவர் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடும். அந்த இரண்டு நிமிடம் நீளமாகத்தான் இருக்கும்.

மழை பெய்திருந்தால் இந்தப் பகுதிக்கு மறுநாளும் போகாதீர்கள். களி டயரில் அப்பி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்து, சக்கரமே சுற்றாது. இத்தாலியைச் சுற்றும் ஜிரோ பந்தயம் 2010-ல் மோந்தால்சீனோவுக்குப் போன நாளில் மழை பிடித்துக்கொண்டது. கேடல் எவன்ஸ் ஜெயித்து வந்தபோது உலகச் சாம்பியனின் வானவில் ஜெர்சி எது, சேறு எது என்று பிரிக்க முடியவில்லை. அவருக்குப் பின்னால் கழுவிக்கொடுக்க ஆள் இருந்தது, நமக்கு இல்லை.

புருனெல்லோ ஒயின் பிறக்கும் அந்த மோந்தால்சீனோவுக்கும் புவோன்கோன்வெந்தோவில் ரயிலிறங்கி, காஸ்தில்யோனே தெல் போஸ்கோ வழியாக வெள்ளை ரோட்டில் ஏறலாம். ஊர் 560 மீட்டர் உயரத்தில். அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஆறாம் படி: சோறும் தண்ணீரும்

சிற்றூர்க் கடைகள் மதியம் ஒரு மணிக்கு மூடினால் நான்கு மணி சுமாருக்குத்தான் திறக்கும். பெட்டிக்கடை, இளநீர் வண்டி எதுவும் வழியில் வராது. காலையிலேயே ரொட்டியும் பெக்கொரீனோ ஆட்டுப்பால் சீஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. நாக்கு செத்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அவர்கள் வழக்கம் அப்படி. வியர்வையில் போன உப்புக்கு வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்று கூட இருக்கட்டும். ஊர்ச் சதுக்கக் குழாயில் நீர் பிடிக்கலாம், 'நோன் பொதாபிலே' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. சைவக்காரர்கள் இரவில் 'பீச்சி அல்லாலியோனே' கேளுங்கள். கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ், பூண்டும் தக்காளியும் போட்டது. பசியோடு போனால் இரண்டு தட்டு காலியாகும்.

ஒயின் ருசி பார்ப்பது சைக்கிளைப் பூட்டிய பிறகு. இத்தாலியில் மது அருந்தி ஓட்டும் சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும், ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை. பகலிலேயே ருசி பார்க்க ஆசையென்றால் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்புவதை அங்கே யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. புட்டி வாங்கினால் அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். முதுகுப் பையில் கண்ணாடிப் புட்டியோடு சரளை இறக்கத்தில் விழுந்தவர் ஒருவரைப் பார்த்தேன். சட்டையில் இருந்தது ரத்தமா ஒயினா என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நல்லவேளை, ஒயின்.

கிளம்பும் முன்

பாதை வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். அவசர எண் 112. தோட்டத்துக்குள் நுழைகிற பாதையில் 'ப்ரொப்ரியெத்தா ப்ரிவாத்தா' என்ற பலகை இருந்தால் தனியார் இடம், திரும்பிவிடுங்கள். கதவைத் திறந்து போக அனுமதி உள்ள இடத்தில், மறக்காமல் மூடிவிட்டுப் போங்கள். திராட்சை பறிக்க வேண்டாம். ஒயின் திராட்சை தோல் தடிப்பு, கொட்டை அதிகம், பறித்தவருக்கும் பெரிய லாபம் இல்லை.

சியெனாவில் முடிக்கிறவர்கள் சாந்தா காத்தரீனா தெரு வழியாக ஊருக்குள் ஏறிப் பாருங்கள். பந்தயத்தின் கடைசி ஏற்றம் அது, கல் பாவிய தெரு, 16 சதவீதம் வரை போகும். நான் முதல் பாதியை மிதித்தேன். மீதியைத் தள்ளிக்கொண்டு போகையில், காய்கறிப் பையோடு எதிரே இறங்கி வந்த பாட்டி ஒருவர் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாய், தாய்" என்றார். நம் மொழியில் அம்மாவைச் சொல்லவில்லை. இத்தாலியனில் 'வா, வா' என்று உசுப்புவது அது.